தூண்டிற்கோலின் சிறு வளையங்கள்

தூண்டிற்கோலின் அடியிலிருந்து நுனிவரை, நரம்பு நுழைந்து ஓடுவதற்காக இடைவெளி விட்டுக் கட்டப்படும் சிறு கண்கள் வளையங்கள் எனப்படும். கடைகளில் இவற்றை ‘கைடு’ என்றே கேட்டு வாங்குகிறார்கள். ரீலிலிருந்து புறப்படும் நரம்பு இந்த வளையங்கள் ஒவ்வொன்றையும் தாண்டித்தான் தண்ணீரை அடைகிறது. மீன் இழுக்கும்போது அந்த இழுவையைக் கோல் முழுவதற்கும் பகிர்ந்து கொடுப்பவையும் இவையே. 2010-ஆம் ஆண்டை ஒட்டி, ஒரு மிளகுகூட நுழைய முடியாத துளை கொண்ட மிகச் சிறிய வளையங்கள் உலகச் சந்தையில் பரவின. ‘மைக்ரோ கைடு’ என்னும் பெயரில் அவை இன்று தமிழ்நாட்டு ஏரிக்கரைகளிலும் காணப்படுகின்றன. கோல் இலேசாகும், வீச்சு சீராகும் என்பது இவற்றை விரும்புவோர் கூறுவது. முடிச்சு சிக்கும், பாசி அடைக்கும் என்பது வேண்டாதோர் கூறுவது. இரண்டும் உண்மை. எந்த நீர்நிலையில், எந்த மீனுக்கு, எந்த நரம்பில் என்று கேட்கும்போதுதான் விடை மாறுகிறது. அதற்குத் திருவண்ணாமலை வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டு. இங்கே தூண்டிலின் வரலாறு வளையத்தின் வரலாற்றைவிட மிகப் பழையது.

செங்கண்மாவின் வரால்

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்னும் குறுநில மன்னனின் செங்கண்மா நகரை நோக்கிக் கூத்தரை வழிப்படுத்தும் நூல். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. செங்கண்மா என்பது திருவண்ணாமலை மாவட்டத்து இன்றைய செங்கம். நூலில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு. வழியில் கூத்தருக்குக் கிடைக்கும் உணவுகளைச் சொல்லும் இடத்தில், வலைஞர் பிடித்து வந்த வாளை மீனும், நின்றபடி தூண்டிலிட்டோர் பிடித்த வரால் மீனும் தனித்தனியே குறிப்பிடப்படுகின்றன. வராலின் பருமனுக்குப் பெண் யானையின் துதிக்கை உவமை. தூண்டிலைப் பற்றிப் புலவர் சொல்வது ஒன்றே: அதன் நாண் நீளமானது.

அந்த வரால்தான் இன்று விரால் என்று சந்தையில் விற்கும் மீன். எந்த மீனை வலையால் பிடிப்பது, எதைத் தூண்டிலால் பிடிப்பது என்ற பாகுபாடு இவ்வட்டாரத்தில் இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் பெரிதாக மாறிவிடவில்லை. விரால் புதருக்குள்ளும் தாமரை இலைக்கு அடியிலும் பதுங்கும். வலைக்கு எளிதில் வராது.

அண்டை நிலமான காஞ்சியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் இன்னும் தெளிவான காட்சி உண்டு. மீன் பிடிப்பதில் வல்ல பாணன் ஒருவன் இரை வைத்த தோற்பையும் நீண்ட மூங்கில் கோலும் கொண்டு வருகிறான். நாண் கோலின் தலையில் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. அதாவது வளையம் இல்லை, ரீல் இல்லை. வள்ளுவரும் சூதாட்டத்தின் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டில் முள்ளோடு ஒப்பிடுகிறார். தூண்டில் அவர் காலத்தில் எல்லாரும் அறிந்த பொருளாக இருந்ததால்தான் அந்த உவமை விளக்கம் இல்லாமல் நின்றது.

நுனியில் கட்டிய தூண்டிலுக்கு ஓர் எல்லை உண்டு. நாணின் நீளம் கோலின் நீளத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பெரிய மீன் ஓட முயன்றால் விட்டுக் கொடுக்க நாண் இல்லை. கோல் வளையும், பிறகு ஏதோ ஒன்று அறும். இன்றும் கிராமத்துச் சிறுவர்கள் மூங்கில் குச்சியில் நரம்பைக் கட்டி ஜிலேபியும் கெண்டையும் பிடிப்பது இந்த முறையில்தான். சிறு மீனுக்கு இதைவிடச் சிறந்த கருவி கிடையாது என்றே சொல்ல வேண்டும்.

ஒற்றை வளையத்திலிருந்து

நாணை நீட்டவும் சுருக்கவும் ஒரு சுற்றுருளை தேவை. அத்தகைய உருளையுடன் கூடிய தூண்டிற்கோல் சீன ஓவியர் மா யுவான் வரைந்த படத்தில் உள்ளது. குளிர்கால ஏரியில் தனிப் படகில் ஒருவர் தூண்டிலிடும் அந்த ஓவியம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. தூண்டில் ரீலைக் காட்டும் மிகப் பழைய சான்றாக அது கருதப்படுகிறது.

இங்கிலாந்தில் ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் 1653-இல் வெளிவந்தது. சால்மன் மீனுக்காகச் சிலர் கோலின் நுனியில் ஒரு கம்பி வளையம் வைத்து, கோலின் நடுவே ஒரு சக்கரமும் பொருத்துவதாக அது சொல்கிறது. நுனியில் ஒரே வளையம் மட்டும் இருந்தால், கோல் வளையும்போது நாண் கோலை விட்டு விலகி, வில்லில் கட்டிய நாண்போல் நேராக நின்றுவிடும். முழுப் பாரமும் நுனிக்குப் போகும். நாண் கோலின் வளைவைப் பின்தொடர வேண்டுமானால் இடையில் மேலும் வளையங்கள் வேண்டும். பல வளையங்கள் கட்டும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வளையங்கள் பெரும்பாலும் கோலோடு ஒட்டித் தொங்கும் மெல்லிய பித்தளைக் கண்கள். கோலைக் கழற்றிப் பைக்குள் வைக்கும்போது படிந்து கிடக்கும், எதிலும் மாட்டாது. அதுவே அவற்றின் பெருமை. குறை தண்ணீரில் தெரிந்தது. அன்றைய நாண் எண்ணெய் ஊட்டிய பட்டு. நனைந்த பட்டு நாண் கோலின் உடலில் ஒட்டிக்கொண்டு வீச்சைத் தடுத்தது. தொங்கும் வளையம் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. நிமிர்ந்து நிற்கும் வளையங்கள் வந்தபோது நாண் கோலைத் தொடாமல் ஓடியது. ஆனால் நிமிர்ந்த வளையம் எளிதில் வளைந்தது, புதரில் மாட்டியது. சிறிதா பெரிதா, படிந்ததா நிமிர்ந்ததா என்ற வாதம் அப்போதே தொடங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் வந்து நிலைத்தது, பாம்புபோல் முறுக்கிய கம்பித்துண்டு. ‘ஸ்நேக் கைடு’ என்னும் அந்த வடிவம் செயற்கை ஈயைக் கொண்டு மீன் பிடிக்கும் கோல்களில் இன்றும் இருக்கிறது.

அக்காலத்திலும் முடிச்சுச் சிக்கல் இருந்தது. முள்ளுக்கு அருகில் கட்டப்படும் கண்ணுக்குத் தெரியாத இழை, பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியை நீட்டி உலர்த்திச் செய்தது. ஒரு துண்டு ஒரு முழத்துக்கு மேல் தேறுவது கடினம் என்பதால் துண்டு துண்டாக முடிச்சிட்டே அதை நீட்டினார்கள். அந்த முடிச்சுகள் வளையத்துக்குள் நுழையாதபடி, மீனை நெருக்கத்தில் கொண்டு வந்ததும் நாணைச் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டியிருந்தது.

கோல் செய்யும் மூங்கில் பற்றி ஒரு சிறு செய்தி. சீனாவின் டோங்கின் மூங்கில் பரவுவதற்கு முன், மேலைநாட்டுக் கோல் தச்சர்கள் பிளந்து ஒட்டிய கோல்களுக்குப் பயன்படுத்தியது ‘கல்கத்தா கேன்’ எனப்பட்ட இந்திய மூங்கிலைத்தான். தீயில் காட்டிய தழும்புகளோடு வந்த அந்த மூங்கில், ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயரையே பெற்றது.

மெட்ராஸ் மாகாணத்தில்

ரீலும் வளையமும் கொண்ட கோல் தென்னிந்தியாவுக்கு ஆங்கில அதிகாரிகளோடு வந்தது. இவர்களில் எழுத்தால் நிலைத்தவர் மெட்ராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னடப் பகுதியில் பணியாற்றியபோது மீன்வளர்ப்பைப் பற்றி ஆராய்ந்தவர். ‘தி ராட் இன் இந்தியா’ என்னும் அவருடைய நூல் 1873-இல் வெளிவந்து பின்னர் மறுபதிப்புகளும் கண்டது. அதிகம் பேசப்படாத அவருடைய இன்னொரு நூல் 1887-இல் வந்த ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’. மலையாறுகளில் பெருமீன் வேட்டையே வீரமாகப் பேசப்பட்ட காலத்தில், சமவெளியின் ஏரி குளங்களில் தூண்டிலிடுவதற்கென்று ஒரு தனி நூல் எழுதப்பட்டது கவனிக்கத்தக்கது. திருவண்ணாமலை போன்ற ஏரிப்பாசன நாட்டுக்கு முதல் நூலைவிட இரண்டாவதே நெருக்கமானது.

ஏனெனில் தென்னிந்தியாவில் மூன்று விதமான தூண்டில் மரபுகள் தோன்றின. மூன்றுக்கும் வளையத் தேவை வேறு. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மகசீர் என்னும் பெருமீனுக்குத் தடித்த நாண், தடித்த கோல், பெரிய வளையம். 1946-இல் கபினி ஆற்றில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடை கொண்டது. அத்தகைய மீன் பாறைகளுக்கிடையே ஓடும்போது வளையத்தின் சட்டம் நசுங்காமல் இருக்க வேண்டும். அதன் எடையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. (திமில் கொண்ட அந்தக் காவிரி மகசீர் இனத்துக்கு ‘டோர் ரமாதேவி’ என்ற அறிவியல் பெயர் 2018-இல்தான் உறுதியானது. இன்று அது மிகவும் அருகிவிட்ட இனம்.) நீலகிரியில் டிரௌட் மீன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்டது. அங்கே எடையைத் தருவது முள்ளோ ஈயமோ அல்ல, தடித்த நாணே. எனவே துளை அகலமாக வேண்டும். மூன்றாவது சமவெளி ஏரி. பாசியும் சேறும் நிறைந்த ஆழமற்ற நீர். அங்கே எது பொருந்தும் என்ற கேள்விக்கு நெடுங்காலம் யாரும் விடை தேடவில்லை. மூங்கில் குச்சியே போதுமானதாக இருந்தது.

நரம்பு மாறிய கதை

வளையத்தின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், அது நரம்பின் வரலாற்றைத்தான் பின்தொடர்கிறது. ஒவ்வொரு முறையும் நரம்பு மாறிய பிறகே வளையம் மாறியிருக்கிறது.

டூபாண்ட் நிறுவனம் நைலானை 1938-இல் அறிவித்தது. ஒற்றை இழை நைலான் சில பத்தாண்டுகளில் பட்டையும் பருத்தியையும் விரட்டிவிட்டது. தமிழகக் கடற்கரையிலும் ஈழத்திலும் தங்கூசி என்று வழங்குவது இதுதான். உள்நாட்டில் நரம்பு என்ற சொல் நிலைத்தது. நைலான் நனைந்தாலும் ஒட்டாது, உலர்த்த வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நினைவாற்றல் அதிகம்: ரீலில் சுற்றிக் கிடந்த வடிவத்தை மறக்காமல் சுருள் சுருளாகவே வெளிவரும். நிலையான உருளை கொண்ட ‘ஸ்பின்னிங்’ ரீலில் இது இன்னும் மோசம். ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905-இல் காப்புரிமை பெற்ற அந்த வகை ரீலில் உருளை சுழலாது. நரம்பு அதன் விளிம்பிலிருந்து வட்டமிட்டபடி கழன்று போகும். அந்த அகன்ற வட்டத்தை ஏற்றுக்கொள்ள முதல் வளையம் பெரிதாக இருக்க வேண்டும் என்பது பல தலைமுறைகளின் நம்பிக்கை. 1980-களுக்கு முந்தைய ஸ்பின்னிங் கோல்களின் அடி வளையம் வளையல்போல இருப்பதற்குக் காரணம் அதுவே.

அடுத்த மாற்றம் நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவன ஆய்வகத்தில் நிகழ்ந்தது. மிக நீண்ட மூலக்கூறுகள் கொண்ட பாலிஎத்திலீனைக் கூழாக்கி இழுத்து வலிமைமிக்க இழையாக்கும் முறை 1970-களின் இறுதியில் அங்கே கண்டறியப்பட்டது. அதைப் பின்னிச் செய்த நரம்பு 1990-களில் தூண்டில் சந்தைக்கு வந்தது. ‘பி.இ. லைன்’, ‘பிரெய்டு’ என்று கடைகளில் சொல்வது இதைத்தான். ஜப்பானிய அளவுமுறையில் 1-ஆம் எண் பி.இ. நரம்பின் தடிமன் 0.165 மில்லிமீட்டர். அதே வலிமையுள்ள நைலான் இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு தடிப்பாக இருக்கும். பி.இ. நரம்பு தையல் நூல்போல் தளர்ந்தது. நைலானின் சுருள் நினைவு இதற்கு இல்லை. பெரிய வளையத்துக்கான பழைய காரணம் இத்துடன் பாதி போயிற்று.

மீதிக் காரணம் உராய்வு. பின்னிய நரம்பு அரம்போல் அறுக்கும். சாதாரண எஃகு வளையத்தில் சில மாதங்களில் கோடு விழும். அந்தக் கோடு பிறகு நரம்பையே அறுக்கத் தொடங்கும். முன்பு அகேட் கல்லை உள்ளே பதித்த வளையங்களும் டங்ஸ்டன் கார்பைடு வளையங்களும் இருந்தன. கல் அழகானது, விழுந்தால் உடையும். ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் சிலிக்கான் கார்பைடு பதித்த வளையங்களைக் கொண்டுவந்த பிறகு, மெல்லியதாகவும் கடினமாகவும் வளையம் செய்ய முடிந்தது. இதே காலத்தில் கோலும் மாறிக்கொண்டிருந்தது. 1960-களில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில் உருவான கார்பன் இழை, 1970-களில் தூண்டிற்கோலாயிற்று. கண்ணாடி இழைக் கோலைவிட மிக இலேசான கோலில் பழைய கனத்த வளையங்களைக் கட்டுவது, நல்ல காளையைக் கனத்த வண்டியில் பூட்டுவது போலாயிற்று. இந்த மூன்று மாற்றங்களும் சேர்ந்த இடத்தில்தான் மைக்ரோ வளையம் பிறந்தது.

அளவு எண் பெரும்பாலும் வளையத்தின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. 5.5-க்குக் கீழே உள்ளவற்றை, அதாவது 5, 4.5, 4 ஆகியவற்றை, மைக்ரோ என்று அழைப்பது பொதுவழக்கு. உள்ளே நரம்பு ஓடும் துளை இதைவிடச் சிறியது. மலிவான வளையங்களில் உட்பதிவு தடிப்பாக இருப்பதால் அதே எண்ணில் துளை மேலும் குறுகும். வாங்குபவர்கள் கவனிக்கத் தவறுவது பெரும்பாலும் இதைத்தான்.

சிறியதால் வரும் நன்மை

நீண்ட துறட்டியின் நுனியில் கனமான அரிவாளைக் கட்டித் தூக்கியவர்களுக்கு மைக்ரோ வளையத்தின் நன்மையை விளக்க வேண்டியதில்லை. கையருகே உள்ள நூறு கிராம் தெரிவதில்லை. ஏழடிக்கு அப்பால் உள்ள இரண்டு கிராம் கோலை ஆட வைக்கும். ஒரு பொருளைச் சுழற்றும்போது அதன் எடை தரும் தடை, கைக்கும் அதற்கும் உள்ள தொலைவின் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. ஆகவே நுனியருகே உள்ள நான்கைந்து வளையங்களின் எடையைக் குறைப்பது, அடிவளையத்தில் அதைப்போல் பல மடங்கு குறைப்பதைவிடப் பயன் தரும். வீசி நிறுத்திய பின் கோல் விரைவில் அசைவடங்கும். நரம்பில் அலை எழாது. மீன் இரையை வாயில் வைத்துப் பார்ப்பது கைக்குத் தெரியும்.

வளையம் சிறிதானால் அதன் காலும் குட்டையாகும். உருளை சுழலும் ‘பெய்ட்காஸ்ட்’ ரீல் கோலின் மேற்புறம் இருக்கும்; வளையங்களும் மேற்புறமே. மீன் இழுக்கும்போது உயர்ந்த வளையங்கள் நெம்புகோலாக மாறிக் கோலைத் திருக முயலும். குட்டையான வளையத்தில் அந்தத் திருகல் குறைவு. இந்த ரீலில் நரம்பு வட்டமிடாமல் நேராகவே வெளியேறுவதால், சிறு வளையம் முதலில் பெய்ட்காஸ்ட் கோல்களில் வேரூன்றியது இயல்பே. ஸ்பின்னிங் கோலில் இன்றும் அடிவளையம் ஓரளவு பெரிதாகவும் உயரமாகவும் இருந்தாக வேண்டும். நரம்பின் வட்டத்தை முதல் இரண்டு மூன்று வளையங்களிலேயே ஒடுக்கிவிட்டு, அதற்குமேல் நுனிவரை சிறு வளையங்களை ஓட்டுவதே இப்போதைய அமைப்பு.

ஆனால் கணக்கில் ஒரு சிறு மோசடி உண்டு. குட்டையான வளையத்தில் நரம்பு கோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கோல் வளைந்தால் நரம்பு அதன் உடலில் உரசும். அதைத் தவிர்க்க வளையங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். அடிக்கு ஒன்று, நுனிக்கு ஒன்று என்ற பழைய கணக்கு இங்கே போதாது. ஒவ்வொரு கூடுதல் வளையத்துக்கும் கட்டுநூலும் பசையும் எடை சேர்க்கின்றன. கட்டுபவர் பசையைத் தாராளமாகப் பூசினால் மிச்சப்படுத்திய எடை திரும்பி வந்துவிடும். வீச்சின் தூரம் கூடுமா என்பதிலும் கோல் கட்டுபவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. கூடினாலும் அது சில அடிகளே. சிறு வளையத்தின் உண்மையான ஆதாயம் கையில் உணரும் இலேசில் இருக்கிறது. விளம்பரங்கள் பேசும் தூரத்தில் இல்லை.

ஏரியிலும் அணையிலும்

திருவண்ணாமலை நகருக்குள் இருக்கும் அருணாசலேசுவரர் கோயிலின் தீர்த்தங்களிலும் கிரிவலப் பாதைத் தீர்த்தங்களிலும் தூண்டிலுக்கு இடமில்லை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுவதே தமிழ்நாட்டு வழக்கம். தூண்டில் பிடிப்பவர்கள் போவது இரண்டு வகை நீர்நிலைகளுக்கு: ஊர் ஏரிகள், சாத்தனூர் அணை. ஏரி மீனின் உரிமை ‘மீன்பாசி ஏலம்’ எடுத்த குத்தகைதாரரிடம் இருக்கும். அவரைக் கேட்காமல் தூண்டிலிடுவது தகராறில் முடியும். தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டு 1958-இல் முடிந்த சாத்தனூர் அணையின் முழு உயரம் 119 அடி, கொள்ளளவு 7321 மில்லியன் கன அடி. அங்கேயும் மீன்பிடிப்பு அனுமதிக்கு உட்பட்டதே. முதலைப் பண்ணைக்குப் பேர்போன இடம் என்பதால் தண்ணீரில் இறங்கி நின்று வீசுவது அறிவுடைமை ஆகாது.

ஏரியில் குறி விரால். தவளையை முள்ளில் கோத்துத் தாமரை இலைமேல் தத்தவிட்டுப் பிடிப்பது பழைய முறை. இன்று உயிர்த் தவளைக்குப் பதில் உள்ளீடற்ற ரப்பர் தவளை. மூங்கிலுக்குப் பதில் ஏழடி பெய்ட்காஸ்ட் கோல். புதருக்குள்ளிருந்து மீனை உடனே இழுத்து வெளியே எடுக்க வேண்டும் என்பதால் வலிமையான பி.இ. நரம்பை நேராக முள்ளில் கட்டுகிறார்கள். இடையில் வேறு இழை இணைப்பதில்லை. எனவே வளையத்தைக் கடக்க வேண்டிய முடிச்சே இல்லை. மைக்ரோ வளையத்தின் மீதான முதல் குற்றச்சாட்டு இங்கே தள்ளுபடியாகிறது. நாளெல்லாம் வீசிக்கொண்டே இருக்க வேண்டிய வேட்டை இது என்பதால் இலேசான கோலின் அருமையும் இங்கேதான் முழுதாகத் தெரியும்.

எதிரி பாசி. குளிர் நாடுகளில் சிறு வளையத்தின் பெருங்குறையாகச் சொல்லப்படுவது, துளையில் பனி உறைந்து அடைத்துக்கொள்வது. திருவண்ணாமலையில் பனி உறையாது. அந்த வேலையை நூல்பாசி செய்கிறது. பின்னிய நரம்பு பாசியைத் துடைத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது நுனி வளையத்தில் தங்கும். அகன்ற வளையத்தில் அது வழுக்கிக் கடந்து ரீலுக்குப் போய்விடும், அல்லது அடுத்த வீச்சில் தெறித்து விழும். சிறு துளையில் அடைத்து நின்றுவிடும். அடைத்ததை அறியாமல் ஓங்கி வீசினால் ரப்பர் தவளை பாதி வழியில் அறுந்து பறக்கும். கோடையில் ஏரி வற்றி நீர் பச்சையாகும் மாதங்களில் இந்தத் தொல்லை அதிகம். மழைக்குப் பின் நீர் நிறைந்து தெளிந்த மாதங்களில் அதே கோல் ஒரு குறையுமின்றி வேலை செய்யும்.

அணையில் கதை வேறு. கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை வட இந்திய ஆற்று மீன்கள். குஞ்சுகளாக விடப்பட்டு வளர்பவை. 1952-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஜிலேபி என்ற பெயரில் இன்று எங்கும் பெருகிக் கிடக்கிறது. கெண்டை இனப் பெருமீன்களுக்குப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்த உருண்டையை ஆழத்தில் இறக்கிக் காத்திருக்க வேண்டும். இருபதடி ஆழத்தில் இரை நிற்க வேண்டுமானால் தக்கையை நரம்பில் அசையாமல் கட்ட முடியாது; இருபதடி நரம்பைத் தொங்கவிட்டு யாரும் வீச முடியாது. ஆகவே தக்கை நரம்பில் வழுக்கி ஓடும். வேண்டிய ஆழத்தில் அதை நிறுத்த நூலால் ஒரு சிறு முடிச்சு. வீசும்போதும் சுற்றும்போதும் அந்த முடிச்சு எல்லா வளையங்களையும் கடந்து போய்வர வேண்டும்.

மைக்ரோ வளையம் தோற்கும் இடம் இதுதான். தடுப்பு முடிச்சு துளையில் உரசும், நகரும், ஆழம் மாறும். பி.இ. நரம்போடு நைலான் முன்னிழையை இணைத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து. ஜப்பானியர் பரப்பிய எஃப்.ஜி. முடிச்சு மெல்லியது, சிறு வளையத்தையும் வழுக்கிக் கடக்கும். ஆனால் காற்றடிக்கும் கரையில் அதை இறுக்கமாகக் கட்டப் பழக்கம் வேண்டும். எளிதாகக் கட்டக்கூடிய இரட்டை முடிச்சுகள் தடித்தவை. ஐந்தாறு கிலோ கட்லா கரையருகே வந்து ஒருமுறை திரும்பி ஓடும். அப்போது இணைப்பு முடிச்சு நுனி வளையத்துக்குள் இருந்தால், அது வெளியேறும்போது கணநேரம் மாட்டும். அந்தக் கணநேரம் போதும். முடிச்சு தாங்கினால் நுனி ஒடியும். நுனி தாங்கினால் நரம்பு அறும்.

அறுந்த நரம்புக்குப் பிறகு நடப்பதைத் தூண்டில்காரர் பார்ப்பதில்லை. முள்ளோடும் சில முழம் இழையோடும் மீன் போய்விடும். புதரில் சிக்கினால் அங்கேயே சாகும். பாலிஎத்திலீன் நரம்பு எளிதில் மக்குவதில்லை. கரையோரம் மிதக்கும் அதில் நீர்க்காகமும் கொக்கும் காலை மாட்டிக்கொள்ளும். குத்தகைதாரரின் வலையிலும் அது சுற்றிக்கொள்ளும். தூண்டில்காரர்களை ஏரிக்கரையில் பல குத்தகைதாரர்கள் விரும்பாததற்கு மீன் குறைவது மட்டுமே காரணம் அல்ல. வளையத்தின் அளவு ஒருவருடைய சொந்த வசதி பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பதற்கு இது போதிய சான்று.

சில்லறைக் குறைகளும் உண்டு. அந்தி வெளிச்சத்தில் ஒன்பது பத்துத் துளைகளில் நரம்பைக் கோப்பது, வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்குப் பெரும் சோதனை. பேருந்தில் கொண்டு போகும்போது ஒற்றைக் கால் கொண்ட சிறு வளையங்கள் வளைவதும் வழக்கம். வளைந்ததை நிமிர்த்தினால் உட்பதிவு கழன்றுவிடும்.

இந்தக் காரணங்களால், அடியில் சற்றுப் பெரிய வளையமும் நுனிப் பகுதியில் 5.5 அல்லது 6 அளவும் வைப்பது ஏரிக்கும் அணைக்கும் ஒரே கோலைக் கொண்டு போகிறவர்களுக்குத் தகுந்த நடுவழி. விராலுக்கென்றே தனிக் கோல் வைத்திருப்பவர் 4.5 அல்லது 5 அளவுக்குத் துணியலாம். உருண்டை இரையும் வழுக்குத் தக்கையும் போடுகிறவருக்கு மைக்ரோ வளையத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர் கோல் நாளின் பெரும்பகுதி கவட்டைக் குச்சியில் சாய்ந்துதான் கிடக்கிறது, இரண்டு கிராம் இலேசானதை உணரக் கை அதில் இல்லை.

எந்த அளவானாலும் வளையத்தைச் சோதிக்கும் முறை ஒன்றே. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு துளையிலும் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால், விரல் நகத்துக்கும் தெரியாத விரிசலில் பஞ்சு இழை பிடித்துக்கொள்ளும். மைக்ரோ வளையத்துக்குள் பஞ்சுக் குச்சி நுழையாது. பஞ்சைச் சிறிது பிய்த்து ஊசிமுனையில் சுற்ற வேண்டும். விரிசல் பெரும்பாலும் நுனி வளையத்தில்தான் இருக்கும். அதன் குழாயைச் சூடாக்கிப் பசையை இளக்கினால் நுனி வளையம் கழன்று வரும், ஐந்து நிமிடத்தில் புதியதைப் பொருத்திவிடலாம்.